ரிட்டர்ன் பிக்கப்

நம் சர்வீஸ் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தான். "சார், முப்பத்திரண்டு இஞ்ச், விலை கம்மி டிவி. பேனல் போயிருச்சு. சரி பண்றதா, மாத்தச் சொல்றதா?" கேட்ட சூடு ஆறுவதற்குள் பதில்கள் வந்து விழுந்தன. மாத்தச் சொல்லு. எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடு. அதுக்கெல்லாம் ஸ்க்ரூடிரைவர் எடுத்தால் கைக்குக் கேவலம். ஒருவன் குப்பைத்தொட்டிப் படம் போட்டிருந்தான், அதற்கு எல்லோரும் சிரித்துவைத்திருந்தார்கள்.

நான் அங்கே எதுவும் எழுதவில்லை. ரிட்டயர் ஆனவன் குழுவில் நீளமாக எழுதினால் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே தனியாக எழுதுகிறேன். இது உற்சாகம் தருகிற கட்டுரை இல்லை. நான் அந்த மாதிரி ஆளும் இல்லை.

எங்கள் காலத்தில் ஒரு கணக்கு இருந்தது. பழுதுச் செலவு டிவி விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றச் சொல்லிவிட வேண்டும். நியாயமான கணக்குதான். பிறகு கம்பெனிக் கணக்கு வந்தது. வாரண்டியில் இருக்கும்போது பேனல், அதாவது படம் தெரிகிற திரை, போனால் முழு டிவியையும் மாற்றிக் கொடு, பழையதை எடுத்துவந்து ஸ்க்ராப்பில் போடு. வாடிக்கையாளருக்குப் புது டிவி கிடைக்கிறது, நமக்கு ஒரு புகார் முடிகிறது, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நானும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

என்னை இந்தத் தொழிலில் சேர்த்துவிட்ட முதலாளி காந்திபுரத்தில் கடை வைத்திருந்தார். பிக்சர் டியூப் காலம். அவரை நல்ல மனிதர் என்று சொல்ல மாட்டேன். கோபம் வந்தால் சூடாக இருக்கும் சால்டரிங் அயர்னைத் தூக்கி எறிவார். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் டிவியின் முதுகைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்பார். "ஏனுங்க, இது யாரு வாங்குனதுங்க?" பில் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கிறார் போல என நான் நினைத்துக்கொள்வேன். அவரும் ஒருநாளும் விளக்கிச் சொன்னதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, பீளமேட்டில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஃபீல்டு இன்சார்ஜாக இருந்தேன். வீட்டுக்குப் போய் டிவியைப் பார்த்து, சரி செய்வதா மாற்றுவதா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. காரமடைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரிலிருந்து புகார் வந்தது. கறிவேப்பிலைத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். ஊர் நடுவில் வீடு, நேர் எதிரே பால் சொசைட்டி.

வீட்டுக்கார அம்மாள் வாசலிலேயே நின்று வரவேற்றார். "வாங்க, உக்காருங்க. உங்களுக்கு எந்தூருங்க?" எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஊர்ப்பெயர் மட்டும் பதில் ஆகாது. எந்தத் தெரு, யார் வகை என்று தொடர்ந்து வரும். நான் எங்கே போனாலும் "பீளமேடுங்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு காபி பேப்பர் கப்பில் வந்தது. அந்த வீட்டில் டம்ளருக்குப் பஞ்சம் இல்லை.

காபியைக் கொண்டுவந்தது மருமகள் சுகன்யா. கல்யாணமாகி ஒரு வருஷம் முடியவில்லை. புருஷன் பீளமேட்டுப் பக்கம் ஓர் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறான், காலையில் போனால் இருட்டித்தான் வருவான். டிவியில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. பேனல் ஓரத்து மெல்லிய இணைப்பு விட்டுப்போயிருந்தது.

"வந்த நாள்ல இருந்து இதே சோலிதானுங்க" என்றார் மாமியார். "சல்லிசா வாங்குனா இப்பிடித்தானுங்களே. நாங்க ஒன்னும் சொல்றதில்லீங்க. குடுத்தவங்க மனசு நோகக்கூடாதில்லீங்களா."

எங்கள் ஊரில் ஊசி குத்தும்போதும் 'ங்க' போட்டுத்தான் குத்துவோம். வெளியூர்க்காரர்கள் இதை மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள். 

நான் பெரிய வள்ளல் மாதிரி சொன்னேன், "கவலையே படாதீங்க. வாரண்டி இருக்குது. கம்பெனி புது டிவியே குடுத்துருமுங்க."

"வேண்டாமுங்ணா" என்றாள் சுகன்யா சட்டென்று. "இதையே சரி பண்ணிக் குடுத்துருங்க."

ஓசியில் புது டிவி வருகிறது என்றால் வேண்டாம் என்று சொன்ன வாடிக்கையாளரை நான் அதுவரை பார்த்ததில்லை. விவரம் தெரியாத பெண் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். நான் விட்டுவந்த டெஸ்டரைக் கொடுக்கிற சாக்கில் அவள் காருக்குப் பின்னாலேயே வந்தாள்.

"அண்ணா, இது சீர்ல வந்த டிவிங்ணா. எங்கண்ணன் வாங்குனது. அப்பா அம்மா இல்லீங்க, அவருதான் எல்லாச் சீரும் செஞ்சாரு."

"அதனால என்ன அம்மணி? புதுசுதானே வருது?"

"புதுசு வர்றது யாருக்குங்ணா தெரியும்? இது வண்டி ஏறுறதத்தான் ஊரே பாக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணம் முறிந்தால், பெண் வீட்டார் கொடுத்த கட்டில், பீரோ, பாத்திரபண்டம் எல்லாம் ஒரு வண்டியில் ஏறித் திரும்பிப் போகும். கோர்ட்டுக் காகிதம் பிறகு எப்போதோ வரும், வராமலும் போகும். ஊருக்கு அந்த வண்டி போதும். சுகன்யா சில மாதங்களுக்கு முன் புருஷனோடு மனத்தாங்கலாகி, டவுனை ஒட்டிய கணபதியில் இருக்கும் அண்ணன் வீட்டில் போய் இருந்திருக்கிறாள். பெரியவர்கள் பேசிக் கூட்டிவந்து விட்டிருக்கிறார்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்று ஊர் இன்னும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் சீர் டிவி அந்தப் பால் சொசைட்டி முன்னால் வண்டி ஏறக்கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

"எங்கண்ணனுக்கு டிவி ரிப்பேர்னே தெரியாதுங்ணா. சொன்னா அவரு நேரா இங்க வந்து நிப்பாரு. அப்புறம் பேச்சு வளரும். இப்பத்தான் எல்லாம் ஒரு வழிக்கு வந்திருக்குதுங்க."

யார் வாங்கியது என்று என் முதலாளி ஏன் கேட்டார் என்பது அந்தக் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது விளங்கியது. அந்த ஆள் உயிரோடு இல்லை, இருந்திருந்தால் போய்ச் சொல்லியிருப்பேன்.

ஒரு வழி இருந்தது. டிவியின் உடம்பைச் சுவரிலேயே விட்டுவிட்டு, பேனலை மட்டும் கழற்றி எடுத்துவருவது. டவுனில் அந்த இணைப்பை ஒட்டித் தருகிற மிஷின் வைத்திருக்கிறவர்கள் இருந்தார்கள். என்னிடம் ஒரு பவானி ஜமக்காளம் உண்டு, பேனல் தூக்கப் பயன்படுத்துவேன். அதில் சுற்றி காரில் வைத்துவிட்டால் பாய் தலையணை என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். திங்கள்கிழமை வருகிறேன் என்று சொன்னேன்.

"நெசமாத்தானுங்ளா? டிவி ஊட்டை உட்டுப் போகாதில்லீங்ளா?"

"போகாது அம்மணி."

புகாரை ஹோல்டில் நிறுத்திவைத்துவிட்டுத்தான் வந்தேன். மறுநாளே ஏரியா மேனேஜர் போன் செய்தான். என் மகன் வயது இருக்கும், தலைமை ஆபீஸில் உட்கார்ந்திருப்பவன்.

"சார், ரீப்ளேஸ்மென்ட் அப்ரூவ் ஆயாச்சு. ஏன் ஹோல்டுல போட்டீங்க? நம்ம ஏரியா முழுக்க சிவப்புல காட்டுது."

"திங்கக்கிழமை வரைக்கும் விடுங்க சார். வீட்டுலயே வெச்சு சரி பண்ணிக் குடுத்துடறேன்."

"அந்த டிவிக்கு இவ்வளவு வேலையா? புதுசு வேண்டாம்னு எந்தக் கஸ்டமர் சார் சொல்லுவாங்க?"

சீர் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாக, முதலிலிருந்து சொன்னேன். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "சார், நாம டிவி சர்வீஸ் பண்றோம், கல்யாண சர்வீஸ் இல்ல." பிறகு என் வயதை நினைத்தானோ என்னவோ, "சரி, பாக்கறேன்" என்றான்.

பார்க்கிறேன் என்று சொன்னால் முடியாது என்று அர்த்தம். எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அவன் எங்கள் ஊர்க்காரன் இல்லையே என்று நான் நம்பிவிட்டேன்.

இன்னொரு இடைஞ்சலும் இருந்தது. அந்த டிவி அண்ணன் செந்திலின் செல் நம்பரில் பதிவாகியிருந்தது. கடையில் வாங்கும்போது கொடுத்த நம்பர். பழையதை எடுக்க வண்டி வரும்போது கம்பெனி அனுப்புகிற செய்தி அவனுக்குத்தான் போகும். அதை சுகன்யா நம்பருக்கு மாற்றப் பார்த்தேன். மாற்றுவதற்கு ஓடிபி வேண்டும் என்றது கம்ப்யூட்டர். அந்த ஓடிபி செந்திலின் போனுக்குப் போகும். திங்கள்கிழமை நானே போய் முடித்துவிடப் போகிறேன், அதுவரை செய்தி ஏதும் போகாது என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மேனேஜர் ஹோல்டை எடுத்துவிட்டான். நான் பொள்ளாச்சியில் ஒரு லாட்ஜில் டிவிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. ஒப்பந்த வண்டி, நீங்கள் குட்டி யானை என்று சொல்கிற அந்தத் திறந்த வண்டி, சாயங்காலம் பால் ஊற்றுகிற நேரத்தில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றது. சுகன்யா காரமடைப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தாள்.

அந்த மாமியார்மேல் எனக்குப் பிரியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். புது டிவி வரும் என்று நான் சொன்னதை நம்பித்தான் அவர் எடுத்துக் கொடுத்தார். அட்டைப்பெட்டியோடு கொடுத்தால்தான் எடுப்போம் என்று வண்டிக்காரர்கள் சொன்னதால், பரணிலிருந்து பெட்டியையும் இறக்கிக் கொடுத்தார். சீர் வந்த அன்று வைத்த மஞ்சளும் குங்குமமும் அதன்மேல் அப்படியே இருந்தன. பழையதை எடுப்பது ஒரு வண்டி, புதியதைக் கொடுப்பது வேறு வண்டி, அது மறுநாள்தான் வரும். இது நம் கம்பெனியின் ஏற்பாடு, எந்தப் புத்திசாலி போட்டதோ தெரியவில்லை.

கணபதியில் செந்தில் ஒரு பம்ப்செட் பட்டறையில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தான். போனுக்கு இங்கிலீஷில் செய்தி வந்தது. அதில் அவனுக்குப் புரிந்தது ரிட்டர்ன் பிக்கப் என்பது மட்டும். அடுத்து வண்டிக்காரப் பையன் கூப்பிட்டான்.

"அண்ணா, காரமடைப் பக்கமிருந்து டிவி ரிட்டர்ன் எடுக்கறமுங்க. ஓடிபி சொல்லுங்க."

"யாரு குடுத்தாங்க?"

"ஊட்டுல பெரியம்மாதானுங்ணா குடுத்தாங்க."

செந்தில் ஓடிபியைச் சொல்லிவிட்டான். தங்கச்சியை வாழவிட மாட்டோம் என்று சொல்லி அனுப்புகிறார்கள், இதில் நாம் என்ன கெஞ்சுவது என்று தோன்றியதாகப் பின்னால் என்னிடம் சொன்னான்.

இங்கே சொசைட்டியில் பால் கேனோடு நின்றவர்கள் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஒரு பெண் கேட்டே விட்டாள். "ஏனுங்கக்கா, சீர் டிவி வண்டி ஏறுதாட்ட இருக்குதுங்?" பழுதான டிவி, கம்பெனி எடுத்துப்போகிறது என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கலாம். மாமியாருக்குக் கௌரவம் வந்து தடுத்தது. "சல்லிசு சாமானுங்க, போனாப் போகுது" என்றார். அந்த வார்த்தை வண்டிக்கு முன்னால் ஊர் முழுக்கப் போய்விட்டது.

பொழுது சாய்வதற்குள் செந்தில் சொந்தக்காரர்களோடு காரில் வந்து இறங்கினான். சுகன்யா கோயிலிலிருந்து கையில் துளசியோடு வந்தபோது வாசலில் கூட்டம். "டிவி ரிப்பேருங்ணா, கம்பெனி புதுசு குடுக்குது" என்று அவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"ரிப்பேர்னா எங்கிட்ட ஏன் சொல்லலே?"

மாமியாரை வைத்துக்கொண்டு அதற்கு அவள் என்ன பதில் சொல்வாள்? வாய் பேசாமல் நின்றாள். அதையே அண்ணன், இவளை மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டான். புருஷனுக்குப் போன் மேல் போன் போட்டார்கள். சனிக்கிழமையும் மீட்டிங்கில் இருந்தானாம், எடுக்கவில்லை. சல்லிசு டிவியைக் கொடுத்துவிட்டுச் சண்டைக்கு வேறு வருகிறீர்களா என்று இந்தப் பக்கம் யாரோ கேட்டார்கள். செந்தில் கையைக் கூப்பினான்.

"சரிங்க. சல்லிசு டிவியோட சல்லிசுப் பொண்ணையும் கூட்டீட்டுப் போயர்றமுங்க."

சுகன்யா காரில் உட்கார்ந்துதான் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, நீங்க வந்து சொல்லுங்ணா. கம்பெனிதான் எடுத்துச்சுன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்ணா." பொள்ளாச்சியிலிருந்து எவ்வளவு விரட்டினாலும் அந்த ஊர் பக்கமா என்ன. நான் போய்ச் சேர்ந்தபோது வீடு அமைதியாக இருந்தது. நான் சொன்னதை மாமியார் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டுமுங்க. ஊரே பாத்துப்போட்டுதுங்களே, அதை என்ன பண்றதுங்க?"

மறுநாள் புது டிவி போனது. எங்களுக்கு வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் அந்தப் புகார் முடிந்துவிட்டதாகப் பச்சையில் காட்டியது. நடந்ததையெல்லாம் மேனேஜருக்கு எழுதி அனுப்பினேன். பதிலுக்கு அவன் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான்.

தம்பிகளே, பெரியவர்கள் மறுபடியும் பேசிச் சேர்த்துவைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அன்று பேசிய வார்த்தைகளை இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பையன், சுகன்யாவின் புருஷன், அம்மா ஒரு பக்கம் பெண்டாட்டி ஒரு பக்கம் என்று நின்று, கடைசியில் எந்தப் பக்கத்துக்காகவும் வாயைத் திறக்கவில்லை. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த கல்யாணம், டிவி இல்லாவிட்டால் வேறொன்றில் முறிந்திருக்கும் என்று என் நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். இருக்கலாம். வேறொன்றில் முறிந்திருந்தால் அது அவர்கள் பாடு. இது நம் வண்டியில் ஏறிப் போனது.

ஸ்க்ராப்புக்கு வந்த குவியலில் அந்த மஞ்சள் தடவிய பெட்டியைப் பார்த்தேன். உடைத்துப்போட வேண்டிய டிவியை எடுத்து ஒதுக்கி வைத்தேன். விதிப்படி தப்புதான், அதற்காக நான் வருத்தப்படவில்லை. பேனலைக் கழற்றி, ஜமக்காளத்தில் சுற்றி, டவுனுக்குக் கொண்டுபோய் இணைப்பை ஒட்டி வாங்கி, திரும்ப மாட்டினேன். ஒரு காலைப்பொழுது வேலை.

அதை எடுத்துக்கொண்டு கணபதிக்குப் போனேன். செந்திலின் வீட்டு முன்னறையில் நடக்க இடம் இல்லை. கட்டில், பீரோ, பாத்திரம் நிறைந்த சாக்கு மூட்டைகள். இவை நிஜமாகவே திரும்பி வந்தவை. செந்தில் போனை எடுத்து அந்தச் செய்தியைக் காட்டினான். அழிக்காமல் வைத்திருந்தான்.

"இதுக்கு என்னங்க அர்த்தம்?"

"பழசைத் திரும்ப எடுத்துக்கறம், புதுசு பின்னால வருதுன்னு அர்த்தமுங்க."

"அந்தப் புதுசு வர்றதையும் இதுலயே போட்டிருந்தா என்னங்க?"

சுகன்யா உள்ளேயிருந்து வந்தாள். நானே டிவியைக் கட்டில்மேல் சாய்த்து வைத்து, பிளக்கைச் சொருகிப் போட்டேன். ஏதோ சமையல் நிகழ்ச்சி. படம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. அவள் கிட்டே வந்து பார்த்தாள்.

"நல்லாத் தெரியுதுங்ணா."

"ஆமா அம்மணி."

"அப்ப அந்த ஊட்டுலயே சரி பண்ணியிருக்கலாமுங்ளா?"

பண்ணியிருக்கலாம் என்றேன். "ஒன்னுமில்லீங்ணா, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் டிவியை நிறுத்தினாள். எனக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தாள். கிளம்பும்போது, இது இங்கே இருக்க வேண்டாம், பார்க்கும்போதெல்லாம் நினைப்பு வரும், நீங்களே கொண்டுபோய்விடுங்கள் என்றாள். செந்திலும் நானும் அதை ஜமக்காளத்தில் சுற்றினோம்.

குழுவில் கேட்ட தம்பி, பேனல் போய்விட்டது என்று எழுதினாய், டிவியை யார் வாங்கியது என்று எழுதவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு வா, பிறகு உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அந்த விலை கம்மி டிவி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. என் மனைவி தினமும் பார்க்கிறாள். இன்றுவரை அதில் ஒரு கோடு விழவில்லை.